கோழிப்பண்ணையின் வாசலில் பறவைக் காய்ச்சல்

பறவைக் காய்ச்சல் இன்ஃப்ளூயன்சா ஏ வகை வைரஸால் வருகிறது. அந்த வைரஸுக்கு இயல்பான இருப்பிடம் காட்டு வாத்து, கடற்காகம் போன்ற நீர்ப்பறவைகளின் குடல்தான். அவற்றில் பெரும்பாலான வகைகள் பெரிய உபத்திரவம் செய்வதில்லை. எச்சத்தோடு குளத்து நீரில் கலந்து அடுத்த பறவைக்குப் போகின்றன, அவ்வளவே. கோழியிடம் வந்து சேர்ந்தால்தான் நிலைமை மாறுகிறது.

மாறுவதற்குக் காரணம் வைரஸின் மேற்புறத்தில் இருக்கும் ஒரு புரதம். எச்5என்1 என்ற பெயரில் வரும் 'எச்' அதைத்தான் குறிக்கிறது. இந்தப் புரதம் ஓரிடத்தில் வெட்டுப்பட்டால்தான் வைரஸால் செல்லுக்குள் நுழைய முடியும். வீரியம் குறைந்த வகைகளில் அந்த வெட்டைச் செய்யும் நொதி மூச்சுக்குழாயிலும் குடலிலும் மட்டுமே உண்டு. அதனால் நோயும் அந்த அளவில் நின்றுவிடும். ஆனால் எச்5, எச்7 வகைகள் கோழிக் கூட்டத்துக்குள் சில மாதம் சுற்றினால், வெட்டுப்படும் இடமே உருமாறிவிடலாம். அப்புறம் உடலின் எல்லாத் திசுக்களிலும் இருக்கும் நொதிகள் அதை வெட்டும். மூளை, இதயம், சிறுநீரகம் என்று ஒன்றும் தப்பாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1983 ஏப்ரலில் எச்5என்2 வைரஸ் லேசான நோயாகத்தான் தென்பட்டது. அக்டோபரில் அதே வைரஸ் கொட்டகை கொட்டகையாகக் கோழிகளைச் சாய்த்தது. நோயை ஒழிப்பதற்குள் சுமார் 1.7 கோடிப் பறவைகளை அழிக்க வேண்டியதாயிற்று. வீரியம் குறைந்ததுதானே என்று விட்டுவைப்பது ஏன் தவறு என்பதற்கு அந்த ஆறு மாதம் போதும்.

இன்று உலகைச் சுற்றிவரும் எச்5 வைரஸின் மூதாதை 1996இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஒரு பெருவாத்துப் பண்ணையில் கண்டறியப்பட்டது. மறு ஆண்டே ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். அந்நகரில் இருந்த கோழிகள் அத்தனையும் கொல்லப்பட்டன. இந்தியாவுக்குள் முதன்முதலில் உறுதியானது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்து நவாப்பூரில். முட்டைக்கோழிப் பண்ணைகள் அடுத்தடுத்து நெருங்கிய ஊர் அது. கோழிகள் சாகத் தொடங்கியபோது வெள்ளைக்கழிச்சல் என்றே முதலில் நினைத்தார்கள். பதினைந்து ஆண்டு கழித்து, 2021இல், அதே நவாப்பூருக்கு நோய் மறுபடி வந்தது. பண்ணைகள் அடர்ந்த வட்டாரத்தில் ஒரு பண்ணையின் கவனக்குறைவு பக்கத்துப் பண்ணைக்காரரின் தலையிலும் விடியும்.

நாமக்கல் வட்டாரத்துக்கு இது அந்நியமான செய்தி அல்ல. நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை வெளியேறும் இடம். சத்துணவுக் கூடத்துக்கும் கேரளத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சரக்கு போகிறது. பக்கத்துக் கேரளத்தின் குட்டநாட்டில் 2014, 2016, 2021 என்று திரும்பத் திரும்ப நோய் வந்திருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் வாத்து மந்தை மேயும் பகுதி அது. வலசை வரும் பறவைகளும் மந்தை வாத்தும் ஒரே தண்ணீரில் இரை தேடுகின்றன. வாத்து பல சமயம் நோய்க்குறி எதையும் காட்டாமலே வைரஸை வெளியேற்றிக்கொண்டிருக்கும். அங்கே நோய் உறுதியானால் வாளையார் முதலான எல்லைச் சோதனைச் சாவடிகளில் தமிழகக் கால்நடைப் பராமரிப்புத் துறை வண்டிகளுக்கு மருந்து தெளிக்கிறது. சாவடியில் மருந்து அடித்தாயிற்று என்று பண்ணை வாசலில் அசட்டையாக இருந்தால் எந்தப் பயனும் இல்லை.

வைரஸைத் தொலைதூரத்திலிருந்து ஒரு வட்டாரத்துக்குக் கொண்டுவருபவை பெரும்பாலும் காட்டுப் பறவைகள். ஒரு பண்ணையிலிருந்து அடுத்த பண்ணைக்குக் கொண்டுபோவதில் மனிதரின் பங்கு பெரிது. அமெரிக்காவில் 2014, 2015இல் சுமார் 5 கோடிப் பறவைகள் அழிந்தபோது அந்நாட்டு வேளாண் துறை நடத்திய விசாரணை, பொதுவில் புழங்கிய கருவிகளையும் பண்ணைக்குப் பண்ணை மாறிய ஆட்களையும் கழுவாத வண்டிகளையும் சுட்டிக்காட்டியது. 2022இல் அங்கே தொடங்கிய அலையில் காட்டுப் பறவையிலிருந்து நேரே புகுந்தவையே அதிகம். ஆக, ஆளையும் வண்டியையும் கட்டுப்படுத்தினால் மட்டும் போதாது; கொட்டகைக்கு வலையும் வேண்டும்.

முட்டைக்கோழிப் பண்ணைக்கு ஒரு பலவீனம் கூடவே பிறந்தது. கறிக்கோழிக் கொட்டகையை ஆறு வாரத்துக்கு ஒருமுறை முழுதாகக் காலி செய்து, கூளத்தை அள்ளி, சுண்ணாம்பு அடித்துச் சில நாள் சும்மா போட்டுவைக்க முடியும். முட்டைப் பண்ணையிலோ குஞ்சு, வளர்கோழி, முட்டையிடும் கோழி என மூன்று வயதும் ஒரே வளாகத்தில் இருக்கும். பண்ணை ஒருநாளும் காலியாவதில்லை. போதாததற்கு, முட்டை அட்டைகள் ஊர் ஊராகச் சுற்றுகின்றன. காகித அட்டையைக் கழுவவும் முடியாது. சந்தைக்குப் போன காகித அட்டை பண்ணைக்குத் திரும்பக் கூடாது என்பது கடைப்பிடிக்க எளிய விதி, அதிகம் மீறப்படுவதும் அதுதான். பிளாஸ்டிக் அட்டையானால் சோப்பு நீரில் தேய்த்து, கிருமிநாசினியில் ஊறவைத்து, வெயிலில் காய்ந்த பிறகே உள்ளே போகலாம்.

வாசலில் கட்டியிருக்கும் கால் நனைக்கும் தொட்டி பல பண்ணைகளில் வெறும் சடங்காகிவிட்டது. காலையில் ஊற்றிய குளோரின் கரைசல் வெயிலில் மதியத்துக்குள் வீரியம் இழக்கும். அதில் சேறும் எருவும் கலங்கியிருந்தால் மருந்து முதலில் அழுக்கோடு சேர்ந்து தீர்ந்துபோகும். செருப்படியில் அப்பியிருக்கும் எருவுக்குள் வைரஸ் பத்திரமாக இருக்கும். பிரஷால் தேய்த்துக் கழுவிய பிறகு மிதித்தால்தான் தொட்டிக்கு வேலை. இதைவிட நம்பகமான ஏற்பாடு ஒன்று உண்டு. கொட்டகை வாசலின் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு திண்டு. வெளிச்செருப்பைத் திண்டுக்கு இப்பால் கழற்றி, அதன்மேல் உட்கார்ந்து காலைத் தூக்கி அப்பால் போட்டு, கொட்டகைக்கென்றே வைத்திருக்கும் பூட்ஸை மாட்டிக்கொள்ள வேண்டும். அந்த பூட்ஸ் வெளித்தரையைத் தொடவே கூடாது. ஒரு வரிசைச் செங்கல் செலவில் முடிகிற காரியம்.

தீவன லாரி, எரு அள்ளும் டிராக்டர், கோழி பிடிக்க வரும் ஆட்கள், தடுப்பூசி போடுபவர், மருந்து விற்பனைப் பிரதிநிதி என்று ஒரே நாளில் நாலு பண்ணை ஏறி இறங்குபவர்கள் பலர். தீவனக் கிடங்கும் முட்டை ஏற்றும் இடமும் வளாகத்தின் ஓரத்தில் இருந்தால் வெளி வண்டி கொட்டகை வரைக்கும் வர வேண்டியதில்லை. பண்ணை வேலையாள் வீட்டில் நாட்டுக்கோழியோ வாத்தோ வளர்க்காமலிருப்பது நல்லது. ஏரி, குளத்து நீரைக் கோழிக்குக் கொடுப்பதானால் குளோரின் கலந்தே கொடுக்க வேண்டும். சிந்திய தீவனம் காக்கையையும் எலியையும் கூப்பிடும். செத்த கோழியை வேலிக்கு அப்பால் வீசுவது எல்லாவற்றிலும் மோசம். காக்கைக்கும் இந்த நோய் வரும். 2020 டிசம்பரில் ராஜஸ்தானின் ஜாலாவாரில் காக்கைகள் கூட்டமாகச் செத்து விழுந்துதான் அந்தப் பருவத்துப் பரவலே வெளியே தெரிந்தது.

நோய்க்குறிகளில் முந்தி நிற்பது திடீர்ச் சாவு. அதற்கு ஓரிரு நாள் முன்பே தீவனமும் தண்ணீரும் குறையும், முட்டை சரியும், தோல்முட்டை விழும். கொண்டையும் தாடியும் நீலம் பாரிக்கும், தலை வீங்கும், காலில் இரத்தக்கசிவு தெரியும். வெள்ளைக்கழிச்சலிலும் இவற்றில் பாதி தென்படும் என்பதால் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வழியில்லை. நாள்தோறும் தீவனக் கணக்கும் சாவுக் கணக்கும் எழுதும் பண்ணையில் மாற்றம் முதல் நாளிலேயே பிடிபடும். சந்தேகம் வந்ததும் அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது விலங்குத் தொற்றுநோய்கள் பற்றிய 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். மாதிரிகள் போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வு நிறுவனத்துக்குப் போகும். உறுதியானால் ஒரு கிலோமீட்டர் ஆரத்துக்குள் பறவைகள் கொல்லப்படும். பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பு நடக்கும். கொல்லப்படும் பறவைக்கும் அழிக்கப்படும் முட்டைக்கும் தீவனத்துக்கும் மத்திய, மாநில அரசுகள் சரிபாதியாக இழப்பீடு தருகின்றன. மறைத்து வைத்துப் பாதிக் கூட்டம் தானாகச் செத்த பிறகு சொன்னால் இழப்பு முழுதும் பண்ணைக்காரருக்கே. நோயுற்ற கோழியை அவசரமாக விற்றுத் தள்ளுவது நோயையும் சேர்த்து விற்பதாகும்.

மனிதருக்கு இந்த நோய் எளிதில் தொற்றுவதில்லை. தொற்றினால் உயிருக்கே ஆபத்தாகலாம். இந்தியாவில் 2021 ஜூலையில் டெல்லியில் 11 வயதுச் சிறுவன் எச்5என்1 தொற்றால் இறந்தான். முகக்கவசமும் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் செத்த பறவையைத் தொடக் கூடாது. தொட்டவருக்குப் பத்து நாளுக்குள் காய்ச்சல் கண்டால் பண்ணை வேலையை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். உள்ளே 70 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏற வேகவைத்த கறியிலும் முட்டையிலும் வைரஸ் பிழைக்காது.

வெள்ளைக்கழிச்சலுக்குப் போடும் தடுப்பூசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. இந்தியாவில் வீரியம் குறைந்த எச்9என்2 வகைக்குத் தடுப்பூசி அனுமதிக்கப்பட்டிருக்கிறது. எச்5 வகைக்கு இல்லை. சீனா பல ஆண்டாகவே எச்5 தடுப்பூசி போடுகிறது. பிரான்ஸ் 2023 அக்டோபரில் வாத்துகளுக்குத் தொடங்கியது. தயங்கும் நாடுகள் இரண்டு காரணம் சொல்கின்றன: ஊசி போட்ட பறவை நோய்க்குறி காட்டாமல் வைரஸைச் சுமந்து திரியலாம், வாங்கும் நாடுகள் அந்தக் காரணத்தைச் சொல்லியே இறக்குமதியை நிறுத்தலாம். பிரான்ஸ் ஊசி போடத் தொடங்கியதும் அமெரிக்கா அங்கிருந்து வரும் கோழியினப் பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது.