கோலப் புள்ளியில் குழந்தைக் கணக்கு

பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்றதும் துணைப்பாட வகுப்பைத் தேடி ஓடுகிறோம். தவறில்லை. ஆனால், வீட்டிலேயே ஓர் ஆசிரியை இருக்கிறார். "எனக்குக் கணக்கெல்லாம் தெரியாது, தம்பி" என்று சொல்லும் பாட்டிதான் அவர்.

அவரைக் கோலம் போடச் சொல்லுங்கள். 7 புள்ளி, நேர்ப்புள்ளி, 1இல் நிறுத்த வேண்டும். வரிசைகள் 1, 3, 5, 7, 5, 3, 1 என்று அமையும். பிள்ளை புள்ளிக்கு ஒரு கொண்டைக்கடலை வைத்து, மேலிருந்து கூட்டிக்கொண்டே வரட்டும்: 1, 4, 9, 16. ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் சதுர எண்களே வருகின்றன! கீழே மிச்சமுள்ள 5, 3, 1 சேர்ந்தால் 9; ஆக மொத்தம் 25. அத்தனை கடலையையும் வரிசைக்கு 5 வீதம் அடுக்கினால் முழுச் சதுரம். 9 புள்ளியில் தொடங்கினாலும் இப்படி வருமா? "வரும்" என்றுதான் பிள்ளை சொல்லும். எண்ணினால் 41. ஆறுக்கு ஆறு அடுக்கியபின் 5 கடலை மிஞ்சி நிற்கும். ஏன் என்று பிள்ளையே யோசிக்கட்டும். நாம் வாயைத் திறக்கக் கூடாது. பெற்றோருக்கு இதுதான் சிரமம்!

அடுத்தது சிக்குக் கோலம். 2 வரிசை, வரிசைக்கு 3 புள்ளி. பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே இழை ஒவ்வொரு முறையும் குறுக்கிட்டுச் செல்ல வேண்டும். கையெடுக்காமல் ஒரே இழையில் முடிந்துவிடும். மூன்றுக்கு மூன்று வைத்தால் 3 இழை வேண்டும். இரண்டு எண்களையும் மீதமின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை இழை.

இதை விளையாட்டு என்று ஒதுக்க வேண்டாம். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி தம்பதியரும் கமலா கிரிதிவாசனும் கோல வடிவங்களுக்குக் கணினி இலக்கணம் வகுத்து 1974இல் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார்கள்.

பாட்டி தமிழில் எண்ணுவார். பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் எண்ணும். இருவருக்கும் பேச்சே அற்றுப்போன வீடுகள் நம்மிடையே உண்டு. கடையில் வாங்கி ஒட்டும் கோலம் வாசலுக்கு அழகுதான். அதில் எண்ணவோ பேசவோ என்ன இருக்கிறது? அடுக்குமாடி வீட்டில் இடமில்லை என்பீர்கள். ஒரு தாளும் பென்சிலும் போதும்.

நாலுக்கு ஆறு புள்ளி வைத்தால் எத்தனை இழை? விடையை நான் சொல்லப் போவதில்லை. இன்று இரவே பாட்டியையும் பிள்ளையையும் உட்கார வைத்து வரைந்து பாருங்கள்.