பெயரை விட்டுக்கொடுக்காத விளையாட்டு வீரர்

(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



இங்கை சுவிசிலை நான் ஒரு சமையலறையிலை வேலை செய்யிறன். என்ரை பெயர் நீளமெண்டு "சிவா" எண்டுதான் கூப்பிடுகினம். நானும் பேசாமல் இருந்திட்டன். போன கிழமை மகள் கேட்டாள்: "அப்பா, பள்ளிக்கூடத்திலை நானும் பேரைச் சுருக்கட்டே?"

அவளுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லுறன்.

ரொபேர்ட்டோ கிளெமென்டே 1934இல் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். தகப்பன் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர். மகன் அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் அணியில் 1955 முதல் 18 பருவங்கள் பேஸ்போல் விளையாடினார். மைதானத்தின் வலது கோடியில் நின்று பந்தைப் பிடித்தெறிவதில் மன்னன். துடுப்பால் 3000 தடவை வெற்றிகரமாக அடித்தவர்.

அங்கே அவரைப் "பொப்" ஆக்கினார்கள். அவருடைய ஆங்கில உச்சரிப்பைச் சில பத்திரிகைகள் அப்படியே அச்சிட்டுக் கேலி செய்தன. அவரோ ரொபேர்ட்டோவாகவே நின்றார். 1971இல் அணி வாகை சூடியபோது, தொலைக்காட்சியில் தன் தாய் தகப்பனிடம் ஸ்பானிய மொழியிலேயே ஆசி கேட்டார்.

1972 டிசெம்பர் 31இல், நிலநடுக்கத்தால் அழிந்த நிக்கராகுவாவுக்கு நிவாரணம் கொண்டுபோன விமானம் கடலில் வீழ்ந்து, 38 வயதில் இறந்தார்.

கதையைக் கேட்ட மகள், "அப்ப நீங்கள் ஏன் சிவா?" எண்டாள். என்னட்டைப் பதில் இல்லை.

திங்கட்கிழமை வேலையிலை சொல்லிக் குடுக்கப்போறன்: சிவசுப்பிரமணியம். மெல்ல மெல்லப் பழகட்டும்.