புகை குறைந்தது, கடன் ஏறியது

(தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



காற்று சுத்தமாக வேண்டாம் என்று தொழிலாளி எவனும் சொல்ல மாட்டான். மில்லிலே பஞ்சுத் தூசியை விழுங்குகிற நமக்கா அது தெரியாது? அந்தச் சுத்தத்திற்குக் காசு கொடுப்பது யார் என்பதே கேள்வி.

அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் என்று அடுத்தடுத்து இரண்டு பெரிய துறைமுகங்கள். கப்பலில் வரும் கண்டெய்னர்களைக் கிடங்குகளுக்கு இழுத்துச் செல்பவை டீசல் லாரிகள். அவற்றின் புகையைச் சுவாசித்தவர்கள் துறைமுகத்தை அடுத்து வாழும் ஏழை ஜனங்களும் டிரைவர்களும்தான். ஆகவே 2008 அக்டோபரில், 1989-க்கு முந்திய லாரிகளுக்கு வாசல் அடைக்கப்பட்டது. 2012 ஜனவரி முதல், 2007-ஆம் வருஷத்து எஞ்சின் தரத்தை எட்டாத லாரிக்கு அனுமதி இல்லை. புகை வெகுவாகக் குறைந்தது. நல்ல காரியம்.

ஆனால் அப்போது புது லாரியின் விலை சுமார் ஒரு லட்சம் டாலர்! அதை வாங்குவது யார்?

1980-ல் லாரித் தொழிலின் கட்டுப்பாடுகளைச் சட்டம் தளர்த்தியது. அதன் பிறகு கம்பெனிகள் டிரைவரைத் தொழிலாளி என்று சொல்வதை விட்டன. 'சுயேச்சைக் கண்ட்ராக்டர்' என்று எழுதிக்கொண்டன. நடைக்கு இவ்வளவு என்று கூலி. வாசலில் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தால் காசு இல்லை.

டிரைவர்களைக் கம்பெனிகளே வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகம் நிபந்தனை போட்டது. லாரி முதலாளிகளின் சங்கம் வழக்காடியது. 2011-ல் மேல் கோர்ட்டு அந்த நிபந்தனையைத் தள்ளியது. புது லாரி வேண்டும் என்ற விதி நின்றது; டிரைவருக்கான பாதுகாப்பு போயிற்று.

பல கம்பெனிகள் லாரியை வாங்கி, டிரைவருக்கே குத்தகைக்கு விட்டன. வாராவாரம் கூலியிலே தவணை பிடித்தம். டீசல், இன்ஷூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் அவன் பொறுப்பு. வாரம் முழுதும் ஓட்டியும் கையில் ஒன்றும் மிஞ்சாதவர்கள் உண்டு. நோயில் படுத்தால் லாரியும் போகும், கட்டிய தவணையும் போகும். 'யுஎஸ்ஏ டுடே' பத்திரிகை 2017-ல் இதையெல்லாம் விசாரித்து வெளியிட்டது. குத்தகை நிலத்தில் உழைத்து, களத்து மேட்டிலேயே நெல்லை அளந்து கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவனுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டுமா?

டிரைவர்கள் சும்மா இருக்கவில்லை. மீண்டும் மீண்டும் ஸ்டிரைக் செய்தார்கள். மாகாணத் தொழிலாளர் கமிஷனரிடம் மனுப் போட்டார்கள். நூற்றுக்கணக்கான வழக்குகளில் "இவர்கள் தொழிலாளர்களே, பிடித்ததைத் திருப்பிக் கொடு" என்று தீர்ப்பு வந்தது.

அடுத்து வருவது மின்சார லாரி. அதன் விலை டீசல் லாரியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். மறுபடியும் அதே கேள்வி! சரக்கிலே லாபம் பார்க்கிறவன் லாரிக்கும் பணம் கொடுக்கட்டும். ஓட்டுகிறவனுக்கு முழுக் கூலி வேண்டும். காற்றும் சுத்தமாகட்டும், கணக்கும் சுத்தமாகட்டும்!