நம் தெருவின் தமிழைக் கணினி படிக்கட்டும்

(வளவனூரில் மாணவர்களும் தன்னார்வலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினியை வைத்து மொழி கற்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபர் 27 அன்று 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கப்பட்டதே நம் விழுப்புரம் மாவட்டத்தில்தான், மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் அந்த மையங்களில் வாசிப்பு மாரத்தான் நடந்தது. கூகுளின் 'ரீட் அலாங்' செயலியில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் 263 கோடி சொற்களைப் படித்தார்கள்.

அந்தச் செயலி என்ன செய்கிறது? திரையில் ஒரு கதை வரும். பிள்ளை வாய்விட்டுப் படிக்கும், போன் கேட்டுக்கொண்டிருக்கும். சரியாகப் படித்தால் பாராட்டும். திக்கினால், அந்தச் சொல்லைத் தொட்டதும் உச்சரித்துக் காட்டும். நூறு முறை தொட்டாலும் அலுத்துக்கொள்ளாது. "உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் நாக்குல வராது" என்று சொல்லாது. வகுப்பறையில் இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்ட பிள்ளைகள் எல்லாச் சேரியிலும் உண்டு. அவர்களுக்குக் கூச்சமில்லாமல் படித்துப் பார்க்க ஓர் இடம் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

அதற்காக, இயந்திரத்துக்குச் சாதி தெரியாது என்று நம்பி உட்கார்ந்துவிட முடியாது. அதற்குப் பேச்சைக் கற்றுக்கொடுத்தவர்கள் மனிதர்கள். யாருடைய குரலைக் கேட்டு வளர்ந்ததோ, அவர்களுடைய பேச்சுதான் அதற்குச் சரியான பேச்சு. அமெரிக்காவில் ஐந்து பெரிய நிறுவனங்களின், பேசுவதைக் கேட்டு எழுதும் மென்பொருள்களை ஆய்வாளர்கள் சோதித்து 2020ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெள்ளையர் பேசியதில் சராசரியாக நூற்றுக்கு 19 சொற்கள் பிழை. கறுப்பின மக்கள் பேசியதில் 35.

இங்கே என்ன ஆகும்? நம் பக்கத்தில் "வந்துகினு இருக்கேன்" என்போம். பாடநூல் "வந்துகொண்டிருக்கிறேன்" என்கிறது. இரண்டும் தமிழ்தான். எழுத்துத் தமிழை நம் பிள்ளைகள் பிழையில்லாமல் கற்கத்தான் வேண்டும். பரீட்சையும் வேலையும் அதில்தான் இருக்கின்றன. ஆனால் வீட்டுப் பேச்சைக் கேவலப்படுத்தித்தான் அதைக் கற்றுத்தர முடியும் என்பது பொய். பிள்ளையின் பேச்சு தனக்குப் புரியவில்லை என்பதற்காக ஒரு செயலி "தவறு" என்று காட்டினால், பழைய வாத்தியாரின் ஏளனம் போனுக்குள் குடியேறிவிட்டது என்று பொருள். வாத்தியாரையாவது எதிர்த்துக் கேட்கலாம்!

கருவி யார் கையில் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. 2017-18ல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் கணினி இருந்த வீடுகள் நூற்றுக்கு 4.4 தான். மாலை வகுப்பு ஊருக்குள் நடந்தால், சேரிப் பிள்ளை தயங்காமல் வந்து முன்வரிசையில் உட்கார முடிகிறதா? ஒரே ஒரு போன் இருந்தால், அது முதலில் யார் கைக்குப் போகிறது? இதையெல்லாம் எந்தச் செயலியும் கணக்கெடுக்காது. நாம்தான் கவனிக்க வேண்டும்.

புதிய கருவியைக் கையில் எடுப்பது நமக்குப் புதிதல்ல. 1893ல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907ல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். அச்சு இயந்திரம் நம்மைத் தேடி வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 1935ல் பெரியார் 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்தைப் புகுத்தினார். கற்கவும் அச்சடிக்கவும் எளிதாக எழுத்தையே மாற்றலாம் என்றார். அரசு அதை ஏற்றது 1978ல். 43 ஆண்டுகள்! ஆனால் இன்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதும் 'லை'யும் 'னை'யும் அந்தச் சீர்திருத்தம் தந்தவை.

இளைஞர்களுக்கு மூன்று வேலைகள் சொல்கிறேன். அரசுப் பள்ளிகளின் கணினி ஆய்வகங்கள் பள்ளி விட்ட பிறகும் திறந்திருக்க வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கிராமசபையிலும் கேளுங்கள். மொசில்லாவின் 'காமன் வாய்ஸ்' தளத்தில் யார் வேண்டுமானாலும் தமிழ் வாக்கியங்களைப் படித்துத் தங்கள் குரலைப் பதியலாம், அந்தத் தொகுப்பை யாரும் இலவசமாக எடுத்தாளலாம். அங்கே உங்கள் உச்சரிப்பைப் பதியுங்கள், உங்கள் அம்மாவையும் படிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, செயலி வந்துவிட்டது என்று ஆசிரியர் பணியிடத்தைக் காலியாக வைத்தால் விடாதீர்கள். பிள்ளை ஏன் நேற்று வரவில்லை என்று போன் கேட்காது, நல்ல ஆசிரியர் கேட்பார்.

படிக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நம்மைக் கேட்டு இயந்திரம் படிக்கட்டும்.

ஜெய்பீம்!