மூக்கு பிடிக்காத நஞ்சு

ஜொகூர், பாசிர் கூடாங்கில் 2019 மார்ச் மாதம் நடந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிம் கிம் ஆற்றில் யாரோ சட்டவிரோதமாக இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். 7ஆம் தேதி அருகிலிருந்த பள்ளிகளின் மாணவர்கள் மூச்சுத்திணறி, வாந்தியெடுத்து மருத்துவமனைக்குச் சென்றார்கள். 13ஆம் தேதி அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. சிகிச்சை பெற்றோர் 2,700க்கும் அதிகம்.

கழிவு விழுந்தது ஆற்றில், பாதிப்போ மூச்சில். ஏன்? பென்சீன், டொலுயீன் போன்றவை சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும்.

நம் மூச்சுப் பாதைக்குக் காவல் உண்டு. மூக்கு முடி பெரிய தூசியைத் தடுக்கிறது. சளி சிறு துகளை ஒட்டிக்கொள்கிறது. மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் அந்தச் சளியை மேலே தள்ள, இருமல் வெளியேற்றுகிறது. ஆனால், இக்காவல் தூசிக்குத்தான், வாயுவுக்கு அல்ல.

நீரில் எளிதில் கரையும் வாயு கண்ணையும் தொண்டையையும் உடனே எரிக்கும்; மனிதன் விலகி ஓடுவான். எளிதில் கரையாத வாயுவோ அவ்வளவாக எச்சரிக்காமல் நுரையீரலின் அடிவரை இறங்கும். அங்கே சுமார் 30 கோடி காற்று நுண்ணறைகள் உள்ளன. உயிர்வளி இரத்தத்தில் சேரும் அதே மெல்லிய சுவரைத்தான் நஞ்சும் தாக்குகிறது. சில வாயுக்களால் பல மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோக்கலாம்.

குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். அவர்கள் வேகமாக மூச்சு விடுகிறார்கள். எடைக்கு எடை பார்த்தால் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள். அவர்களின் மூச்சுக்குழாய் குறுகலானது; சற்று வீங்கினாலே அடைத்துக்கொள்ளும். ஆஸ்துமா இருந்தால் குழாயைச் சுற்றியுள்ள தசையும் இறுகிவிடும்.

ஆகவே பெற்றோர் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். வாடை குறைந்தால் ஆபத்து நீங்கியதென்று பொருளல்ல. மூக்கு சீக்கிரம் பழகிவிடும். சாதாரண முகக்கவசம் வாயுவைத் தடுக்காது. காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிச் செல்ல வேண்டும். வெளியேற முடியாவிட்டால் கதவு, சன்னல்களை அடைத்துவிட்டு 999ஐ அழைக்க வேண்டும். பள்ளியில் மயங்கிய பிள்ளை வீட்டில் தெளிந்தாலும் அன்றிரவு கவனிக்க வேண்டும். நெஞ்சு இறுகினாலோ, உதடு நீலம் பூத்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் பையில் மருந்து உறிஞ்சி இருக்கட்டும். அது எங்கே இருக்கிறதென்று ஆசிரியருக்கும் தெரியட்டும்.