குடியும் ஈரலும் நம்ம சனமும்

(மாலைநேர வகுப்பு மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



குடியைப் பற்றி நம்ம மேடைகளில் இரண்டு விதமாகத்தான் பேசுகிறோம். ஒன்று, குடிக்காதே என்ற உபதேசம். மற்றது, கடையை மூடு என்ற கோரிக்கை. ரெண்டும் வேணும். ஆனா குடிச்சவன் உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு நாம சொல்றதில்ல. ஆஸ்பத்திரியில் ‘ஈரல் கெட்டுப்போச்சு, கூட்டிட்டுப் போங்க’ என்று ஒரே வரி. ஊர்த்தெருவில் ‘அவனுங்க புத்தியே அதுதான்’ என்று அதுக்குச் சாதி விளக்கம். இந்த ரெண்டுக்கும் நடுவுல நம்ம ஆள் செத்துப் போறான்.

ஆட்டு ஈரலை எல்லோரும் பார்த்திருக்கோம். நம்முடையதும் அப்படித்தான், கருஞ்சிவப்பு. வலப்பக்க விலாவுக்கு அடியில், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேரே இதயத்துக்குப் போறதில்ல, முதலில் ஈரலுக்குத்தான் வருது. தின்ன சோறு, விழுங்கின மாத்திரை, குடிச்ச சாராயம் எல்லாம் அங்கே நின்னு கணக்குக் கொடுத்துட்டுத்தான் மேலே போகணும். சர்க்கரையைச் சேமிப்பது, பித்தநீர் சுரப்பது, காயம்பட்டால் ரத்தம் உறைவதற்கான புரதங்களைச் செய்வது, அம்மோனியாவை யூரியாவாக்கி வெளியேற்ற வழிசெய்வது எல்லாம் அதன் வேலை.

ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கு. ஈரலால் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கரைக்க முடியும். அதாவது ராத்திரி குடிச்சதை விடியவிடிய அது கரைச்சுக்கிட்டே கிடக்கு. கரைக்கையில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சு உண்டாகுது. நாள்தோறும் இதே கதைன்னா முதலில் ஈரலில் கொழுப்பு படியும். பிறகு அழற்சி. கடைசியில் தழும்பு விழுந்து, முடிச்சு முடிச்சா இறுகிப் போகும். இதைத்தான் சிரோசிஸ் என்கிறார்கள். இவ்வளவும் நடக்கும்போது பெரும்பாலும் வலி இருக்காது. அதுதான் மோசம்.

இறுகின ஈரலுக்குள் ரத்தம் நுழைய முடியாமல் பின்னால் தேங்குது. வயிற்றில் நீர் கோர்க்கும், நம்ம கிழவிங்க மகோதரம்னு சொல்றது அதுதான். உணவுக்குழாயில் நாளங்கள் புடைத்து வெடிச்சா ரத்த வாந்தி. உடனே ‘செய்வினை’ன்னு பூசாரிகிட்ட ஓடுறோம். கழிவுகள் மூளைக்கு ஏறிப் பிதற்றினால் ‘பேய்’. ரெண்டுமே அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகவேண்டிய நிலைமை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடிச்சு 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தது வேறு கதை. அது மெத்தனால். அதையும் ஈரல்தான் கரைக்கப் பார்க்குது, ஆனா அது கரைஞ்சு ஃபார்மிக் அமிலமாகிக் கண் நரம்பைத் தாக்குது. காப்பாற்ற வந்த உறுப்பின் கையாலேயே சாவு. அந்தக் கூலி சனங்களைக் ‘குடிகாரன் செத்தான்’னு பேசினவங்களை நாம மறக்கக் கூடாது.

மலக்குழியில் இறங்குகிறவன் குடிக்காம இறங்க முடியாதுங்கிறான். அந்த நாத்தத்துல நின்னு பார்த்தாத்தான் தெரியும். அவனை அங்கே இறக்கிவிட்ட சாதியைப் பேசாமல் அவன் ஈரலை மட்டும் பேசுறது யோக்கியமில்லை. இன்னொன்று, ஈரல் கெட்டவனெல்லாம் குடிச்சவனும் இல்ல. ஹெபடைடிஸ் பி வைரஸாலும் கெடும். குடியே தொடாத பெண்ணையும் சந்தேகமாப் பார்க்கிறது நம்ம தெருவிலேயே நடக்குது.

கொழுப்புக் கட்டத்தில் குடியை விட்டால் சில வாரங்களிலேயே ஈரல் தேறத் தொடங்கும். தழும்பு விழுந்த பிறகு பழையபடி ஆகாது. ஆனாலும் அப்போ நிறுத்தினவன் நிறுத்தாதவனைவிடக் கூடுதல் காலம் இருப்பான். ‘இனி விட்டு என்ன’ங்கிற பேச்சு தப்பு.

கடைசியா, இங்க ஒரு தோழர் கேட்டதுக்குப் பதில். பல வருசமா தினமும் குடிக்கிற அப்பாவை அறையில் பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்காதீங்க. ரெண்டு மூணு நாளில் கைநடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம், உயிரே போகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்க. எத்தனை வருசம், எவ்வளவு, கடைசியா எப்போ குடிச்சார்னு மறைக்காமச் சொல்லுங்க. ஈரலுக்கான ரத்தப் பரிசோதனையையும் வயிற்று ஸ்கேனையும் நீங்களே கேட்டு வாங்குங்க. தனியா அனுப்பாதீங்க, கூடப் போங்க.