ஆளில்லாத் தீவுக்கு மாற்றல் உத்தரவு

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)

பட்டாளத்தில் இருக்கும் பையனுக்கு மாற்றல் உத்தரவு வந்தால் வீடு என்ன பாடுபடும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தகரப் பெட்டியைத் துடைத்து வைப்பார்கள். தாய் ஊறுகாய் கட்டிக் கொடுப்பாள். "எந்த ஊரப்பா, குளிரா வெயிலா, எப்போது லீவு கொடுப்பார்கள்?" என்று கேட்பாள். அவன் போகிற இடத்தில் முன்பு யார் குடியிருந்தார்கள், அவர்கள் என்ன ஆனார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இன்று நாம் அந்தக் கேள்வியைக் கேட்போம்.

நம் கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 1,800 கிலோமீட்டர் தூரத்தில், இந்து மகாசமுத்திரத்தின் நடுவே, டீகோ கார்சியா என்று ஒரு தீவு இருக்கிறது. சாகோஸ் தீவுக் கூட்டத்தில் அதுதான் பெரியது. பெரியது என்றாலும் தரை சுமார் 30 சதுர கிலோமீட்டர்தான். நடுவே கடல் ஏரி, சுற்றி மெல்லிய பவழக் கரை, கரை நெடுகத் தென்னை. ஆகாயத்திலிருந்து பார்த்தால் மனிதக் காலடித் தடம் போலத் தெரியும். அதனால் அங்கிருக்கும் அமெரிக்கப் பட்டாளத்தார் அதற்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்: "சுதந்திரத்தின் காலடி"!

அமெரிக்காவில் ஒரு மாலுமிக்கோ விமானப்படைச் சிப்பாய்க்கோ இந்தத் தீவுக்கு மாற்றல் உத்தரவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் ஒரு வருஷக் காலம். மனைவி மக்களை அழைத்துப் போகக் கூடாது. விமானத்தை விட்டு இறங்கினால் வெயில், தென்னை, நீலக் கடல். கிளப் உண்டு, நீச்சல் குளம் உண்டு, மீன் பிடிக்கப் படகு உண்டு. கிராமம் இல்லை, கடைத்தெரு இல்லை, விளையாடும் குழந்தை ஒன்று கூட இல்லை. இங்கே ஆதியிலிருந்து யாருமே இருந்ததில்லை போலும் என்று அவன் நினைத்துக்கொள்கிறான்.

அந்தச் சிப்பாய் மீது நமக்குப் பகையில்லை. வேலை கிடைக்காமலோ, படிப்புச் செலவுக்கு வழியில்லாமலோ பட்டாளத்தில் சேர்ந்த தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் அவர்களில் எத்தனையோ பேர். ஆனால் ஓய்வு நாளில் அவன் தீவின் கிழக்குக் கரைக்குப் போனால், அங்கே பாழடைந்த ஒரு மாதா கோயிலைப் பார்ப்பான். தோட்டத் துரையின் பங்களாவைப் பார்ப்பான். வரிசையாகக் கல்லறைகளைப் பார்ப்பான். ஆளில்லாத தீவில் கல்லறை எப்படி வந்தது, தோழர்களே?

கொப்பரைத் தோட்டத்தின் குடிகள்

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் அந்தத் தீவுகளில் தென்னை வைத்தார்கள். வேலைக்கு மொசாம்பிக், மடகாஸ்கர் முதலிய இடங்களிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். பிறகு தீவுகள் பிரிட்டிஷார் கைக்கு மாறின. அடிமை முறை ஒழிந்தபின் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களும் அவர்களோடு கலந்தார்கள். காய் பறித்து, மட்டை உரித்து, உடைத்து, உலர்த்தி, கொப்பரையாகக் கப்பல் ஏற்றுவதே அவர்களின் ஜீவனம். சம்பளம் அற்பம், அரிசி, மாவு முதலிய படி அளந்தார்கள். ஆனாலும் அவர்களுக்கு வீடு இருந்தது, தோட்டம் இருந்தது, கோழியும் நாயும் இருந்தன. கடலில் மீன் இருந்தது. தங்களுக்கென ஒரு பேச்சு, ஒரு பாட்டு இருந்தது. நான்கைந்து தலைமுறைகளின் எலும்பு அந்த மண்ணில் கிடந்தது.

1960-களில் அமெரிக்க ஏகாதிபத்தியம் இந்து மகாசமுத்திரத்தில் தளம் தேடியது. அதற்கு ஒரு தீவு வேண்டும். கேள்வி கேட்க ஜனங்கள் இருக்கக் கூடாது. பிரிட்டிஷ் அரசாங்கம் 1965-ம் ஆண்டு நவம்பரில், சுதந்திரம் பெற இருந்த மொரீஷியஸிலிருந்து சாகோஸைக் கத்தரித்துத் தனிக் காலனியாக்கியது. அதற்காக மொரீஷியஸுக்குக் கொடுத்தது 30 லட்சம் பவுன். 1966 டிசம்பரில் அமெரிக்காவுடன் ஒப்பந்தம் எழுதிக்கொண்டது. அமெரிக்கா வெளிப்படையாகக் குத்தகைப் பணம் தரவில்லை. பிரிட்டன் வாங்கிய போலாரிஸ் ஏவுகணைகளின் கணக்கில் 1 கோடியே 40 லட்சம் டாலரைத் திரைமறைவில் தள்ளிக் கொடுத்தது. தங்கள் சொந்தப் பார்லிமெண்டுகளுக்கே இதைச் சொல்லாமல் மறைத்தார்கள். 1975-ல்தான் விஷயம் அமெரிக்காவிலேயே அம்பலமாயிற்று.

"தற்காலிகக் கூலிகள்"

குடியிருந்த ஜனங்களை என்ன செய்வது? இங்கேதான், தோழர்களே, நீங்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். லண்டன் அதிகாரிகள் முதலில் துப்பாக்கியை எடுக்கவில்லை, பேனாவைத்தான் எடுத்தார்கள். அங்கே நிரந்தரக் குடிகள் எவருமில்லை, இருப்பவர்கள் எல்லோரும் மொரீஷியஸிலிருந்தும் சீஷெல்ஸிலிருந்தும் வந்த தற்காலிக ஒப்பந்தக் கூலிகள் என்று எழுதி வைத்தார்கள். பொய் என்று அவர்களுக்கே தெரியும். அவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட குறிப்புகள் பின்னால் கோர்ட்டில் வெளிவந்தன. 1966-ம் ஆண்டுக் குறிப்பொன்றில் அந்த உழைப்பாளி ஜனங்களை "டார்ஜான்கள்" என்று கேலி செய்திருக்கிறார்கள்.

பத்து வருஷம் தறியோட்டியவனை "நீ பதிலிதானே, உனக்கு ஏது உரிமை?" என்று கேட்கும் மில் நிர்வாகத்தை நமக்குத் தெரியும். தாத்தா காலத்திலிருந்து குடிசை போட்டு வாழ்ந்தவனைப் பார்த்து "இது என் களத்துமேடு, நீ பண்ணையாள், கிளம்பு" என்று சொல்லும் மிராசுதாரையும் நமக்குத் தெரியும். இது அதே வித்தைதான். ஆளை விரட்டுவதற்கு முன்னால் அவன் பெயரை மாற்றிவிடுகிறார்கள். குடியானவன் கூலியாகிறான்; கூலி தற்காலிகமாகிறான்; தற்காலிகமானவன் இல்லாதவனாகிவிடுகிறான்.

ஒரு தாயின் பயணம்

பெரோஸ் பான்யோ என்பது அதே கூட்டத்தைச் சேர்ந்த இன்னொரு தீவு. அங்கே ரீட்டா பான்கூல் என்ற தோட்டத் தொழிலாளி இருந்தார். 1968-ல் அவருடைய சிறு பெண்ணின் காலில் வண்டிச் சக்கரம் ஏறிவிட்டது. தீவில் தகுந்த வைத்தியம் இல்லை. கணவனோடும் குழந்தைகளோடும் கப்பலேறி மொரீஷியஸுக்குப் போனார். வைத்தியம் பலிக்கவில்லை, குழந்தை இறந்தது. அடக்கம் செய்துவிட்டு, ஊர் திரும்பக் கப்பல் டிக்கெட் கேட்கப் போனார்கள். இனி உங்களுக்குத் தீவு இல்லை, அது விற்கப்பட்டாயிற்று என்று பதில் வந்தது. கட்டிய துணியோடு தெருவில் நின்றார்கள். வைத்தியத்துக்கும் லீவுக்கும் போன எத்தனையோ குடும்பங்கள் இப்படியே தடுக்கப்பட்டன.

மீதியிருந்தவர்களுக்குப் படியரிசி வரத்தைக் குறைத்தார்கள். 1971 மார்ச்சில் அமெரிக்கக் கப்பற்படையின் கட்டுமானப் பட்டாளம் டீகோ கார்சியாவில் இறங்கியது. அடுத்தபடியாக ஜனங்கள் வளர்த்த நாய்களைப் பிடித்து, கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, மோட்டார் வண்டிப் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். குழந்தைகள் வெளியே நின்று அந்த ஓலத்தைக் கேட்டார்கள். மறுத்துப் பேசினால் உங்களுக்கும் இதே கதி என்று அவர்கள் அர்த்தப்படுத்திக்கொண்டதில் ஆச்சரியமென்ன?

1971 அக்டோபருக்குள் டீகோ கார்சியா காலியாயிற்று. 1973-க்குள் தீவுக் கூட்டம் முழுவதுமே காலியாயிற்று. மொத்தம் 1,500 முதல் 2,000 பேர் வரை. ஆளுக்கொரு பெட்டி, ஒரு பாய் என்ற கணக்கில் சாமானோடு, "நார்ட்வேர்" என்ற சிறு கப்பலில் ஏற்றினார்கள். துரையின் குதிரைகளுக்கு மேல்தளத்தில் இடம் கிடைத்தது. பெண்களும் குழந்தைகளும் கீழே, பறவை எச்ச உரத்தின் மேல் படுத்து வந்தார்கள். அந்தக் கப்பலில் கர்ப்பிணியாக வந்த லிஸ்பி எலிஸே தம் குழந்தையைப் பறிகொடுத்ததை 2018-ல் சர்வதேச நீதிமன்றத்தின் முன் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாளின் சொல்லுக்கு உலகத்தின் பெரிய நீதிபதிகள் காது கொடுத்தார்கள்.

சிப்பாய்க்கும் ஒரு பெட்டி, தீவுக்காரனுக்கும் ஒரு பெட்டி. சிப்பாய் ஒரு வருஷத்தில் வீடு திரும்புவான். தீவுக்காரன் அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் திரும்பவில்லை.

போராடியவர்கள் பெண்கள்

மொரீஷியஸில் கரும்பு உண்டு, கொப்பரை இல்லை. வேலையில்லாத் திண்டாட்டம் ஏற்கெனவே தலைவிரித்தாடியது. போர்ட் லூயி நகரச் சேரிகளில் தகரக் கொட்டகைகளில் ஒண்டினார்கள். ஏக்கத்தினாலேயே செத்தவர்கள் உண்டு. அந்த நோய்க்கு அவர்கள் பேச்சில் "சாக்ரேன்" என்று பெயர்.

ஆனால் அவர்கள் அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை. 1973-ல் கடைசியாகக் கொண்டுவரப்பட்டவர்கள், வீடும் பணமும் தராமல் கப்பலை விட்டு இறங்க மாட்டோம் என்று துறைமுகத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். லிசெத் தலாத், ஷார்லேசியா அலெக்சிஸ் முதலிய பெண்கள் உண்ணாவிரதமிருந்தார்கள், ஊர்வலம் நடத்தினார்கள், போலீஸிடம் அடிபட்டார்கள், சிறை சென்றார்கள். அதன் பலனாக 1982-ல் பிரிட்டன் 40 லட்சம் பவுன் தந்தது. தந்த கையோடு, ஊர் திரும்பும் உரிமையைக் கைவிடுகிறோம் என்ற இங்கிலீஷ் பத்திரத்தில், படிக்கத் தெரியாத ஜனங்களிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டது. கந்துவட்டிக்காரன் பத்திரத்தைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல.

ரீட்டாவின் மகன் ஒலிவியே பான்கூல் எலெக்டிரீஷியன். அவர் லண்டன் ஹைக்கோர்ட்டில் வழக்குத் தொடுத்து 2000-ம் ஆண்டு ஜெயித்தார். 2004-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் பார்லிமெண்டைக் கேட்காமல் ராணியின் கட்டளையால் அந்தத் தீர்ப்பைச் செல்லாக்காசாக்கியது. 2008-ல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அரசாங்கத்தின் பக்கம் சாய்ந்தார்கள். 2019-ல் சர்வதேச நீதிமன்றம், தீவைப் பிரித்ததே சட்டவிரோதம் என்று கருத்துரைத்தது. அதே வருஷம் ஐ.நா. பொதுச் சபையில் 116 நாடுகள் தீவுக்காரர் பக்கம் கை தூக்கின, எதிர்த்தவை 6.

2025 மே 22-ந் தேதி பிரிட்டனும் மொரீஷியஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சாகோஸ் மொரீஷியஸுக்கு என்கிறது ஒப்பந்தம். ஆனால் டீகோ கார்சியாவின் தளம் 99 வருஷக் குத்தகை. வருஷத்துக்குச் சராசரி 10 கோடியே 10 லட்சம் பவுன் வாடகை. மற்ற தீவுகளில் ஜனங்கள் குடியேறலாம், டீகோ கார்சியாவில் மட்டும் கூடாது. பேச்சுவார்த்தை மேஜையில் தீவுக்காரர்களுக்கு நாற்காலி போடப்படவில்லை.

நமக்கு என்ன?

அந்தத் தளத்திலிருந்து எழுந்த விமானங்கள் 1991-ல் ஈராக் மீதும், 2001-ல் ஆப்கானிஸ்தான் மீதும், 2003-ல் மறுபடியும் ஈராக் மீதும் குண்டு பொழிந்தன. 1971-லேயே ஐ.நா. இந்து மகாசமுத்திரத்தைச் சமாதானப் பிரதேசம் என்று அறிவித்திருந்தது. ஏகாதிபத்தியத்துக்கு அது வெறும் காகிதம்.

அங்கே சமைப்பது, துவைப்பது, கட்டுவது எல்லாம் பிலிப்பைன்ஸிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்கள். தீவில் பிறந்தவனுக்கு இடமில்லை. கூலிக்கு வருகிறவனுக்கு உண்டு, அதுவும் ஒப்பந்தம் முடியும் வரை. 2021 அக்டோபரில், கனடா போக முயன்ற இலங்கைத் தமிழர்களின் படகு பழுதாகி அங்கே ஒதுங்கியது. குழந்தை குட்டிகளோடு வேலிக்குள் கூடாரத்தில் மூன்று வருஷம் அடைத்து வைத்தார்கள். அது சட்டவிரோதக் காவல் என்று 2024 டிசம்பரில் கோர்ட் தீர்ப்பளித்தது. குடியிருக்கத் தகாத தீவு சிறைக்கு மட்டும் தகுந்ததாயிற்று!

தோழர்களே! 2006-ல் சுமார் நூறு தீவுக்காரர்களைச் சில நாள் பார்த்துவர மட்டும் கப்பலில் அழைத்துப் போனார்கள். அவர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, பெரியோரின் கல்லறையைக் கூட்டிப் பெருக்கியது. பேனாவால் அழிக்கப்பட்ட குடிகளுக்கு அந்தக் கல்லறையே பட்டா.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று. மஸ்டர் ரோலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். குடிசை மனைக்குப் பட்டா கேளுங்கள். வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். சங்கத்துச் சந்தா ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். "தற்காலிகம்" என்ற சொல்லை எவன் உங்கள் மேல் ஒட்டினாலும் அன்றே எதிர்த்துக் கேளுங்கள். "அங்கே யாருமில்லை" என்று எந்தச் சர்க்கார் எந்த மண்ணைப் பற்றிச் சொன்னாலும், "அப்படியானால் கல்லறை யாருடையது?" என்று கேளுங்கள்.

சாகோஸ் ஜனங்களுக்கு ஊர் திரும்பும் உரிமை வேண்டும்!

இந்து மகாசமுத்திரத்தில் அன்னிய யுத்தத் தளம் வேண்டாம்!